கடைக்காரர் காட்டிய இரண்டுமே வேண்டாம் தம்பி

பின்னால் வந்து படிக்கிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு நீடாமங்கலம் பக்கம் ஊர். பிசிஏ முடித்து, ஜாவா (புரோகிராம் எழுதுகிற மொழி) படித்து, ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூர் ஆபீஸ், மிச்ச நாள் வீட்டிலிருந்து. லேப்டாப் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் போட்ட பணத்தில் அப்பா 60 ஆயிரம் எடுத்து வைத்திருக்கிறார். கடையில் இரண்டு காட்டினார்களாம். ஒன்று ஐ7 ப்ராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம் (வேலை ஓடும்போது மட்டும் மெஷின் பயன்படுத்துகிற நினைவகம்), 72 ஆயிரம், ‘கேமிங் மெஷின் தம்பி, பத்து வருசத்துக்குக் கவலை இல்லை’. இன்னொன்று மெல்லிசு, பார்க்க அழகு, ரைசன் 5 7520யு ப்ராசசர், அதுவும் 8 ஜிபி, 46 ஆயிரம். எதை எடுக்கலாம், இல்லை டெஸ்க்டாப்பே போட்டுவிடலாமா என்பது கேள்வி. அப்பா தன் பங்குக்கு, டச் ஸ்கிரீன் இருந்தால் நல்லதா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்.

இரண்டும் வேண்டாம். 72 ஆயிரம் கையில் இருந்தாலும் நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

நான் ஜாவாவில் குப்பை கொட்ட ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, அதில் பாதி சென்னையில், கொரோனாவுக்குப் பிறகு முழுக்க மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கடையில் ஐ5, ஐ7 என்று ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைக் கடைசியாகப் பாருங்கள். மூட்டை எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் ஓரமாக வைத்துவிடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி நம் வேலைக்கு முதலில் பார்க்க வேண்டியது ராம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 11 சும்மா திறந்து வைத்திருந்தாலே 3, 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். கோடு எழுதுகிற இன்டெல்லிஜேயில் கொஞ்சம் பெரிய புராஜெக்ட் திறந்தால் இன்னொரு 2, 3. குரோமில் இருபது டேப், அதில் நாலு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, ஒன்று கிரிக்கெட் ஸ்கோர், 2 ஜிபிக்குக் குறையாது. மீட்டிங் போடுகிற ஆப் ஒரு ஜிபி. ஸ்பிரிங் பூட் சர்வீஸ் (ஜாவாவில் எழுதி, பின்னால் ஓடவிடுகிற புரோகிராம்) ஒன்றுக்கு அரை ஜிபி வைத்தால், மூன்று சர்வீஸ் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டிய நாளும் வரும். இதற்கு மேல் டாக்கர், புரோகிராமைத் தனிப் பெட்டியில் அடைத்த மாதிரி ஓட்டுகிற கருவி. விண்டோஸில் டாக்கர் பெரும்பாலும் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டுகிற வசதி) மேல்தான் ஓடும், நீங்கள் வரம்பு எதுவும் வைக்காவிட்டால் மொத்த ராமில் பாதி வரைக்கும் அது எடுத்துக்கொள்ளலாம். கூட்டினால் 12, 13 ஜிபி சர்வ சாதாரணமாக வருகிறது. 8 ஜிபியில் இதை ஓட்டினால் மிச்சத்தை எஸ்எஸ்டியில் (ஃபைல் எல்லாம் சேமிக்கிற இடம்) எழுதி எழுதி எடுக்கும், மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் பண்ணும்போது மவுஸ் அப்படியே நிற்கும், நீங்கள் ‘ஒரு நிமிஷம் சார், லோட் ஆகுது’ என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஆண்ட்ராய்டு பக்கம் போகிற எண்ணம் இருந்தால் கேட்கவே வேண்டாம், எமுலேட்டரோடு (ஆண்ட்ராய்டு போனை ஸ்கிரீனிலேயே ஓட்டிக் காட்டுவது) சேர்த்து 16 ஜிபி வேண்டும் என்று ஆண்ட்ராய்டு ஸ்டூடியோக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இன்றைக்கு 16 ஜிபி, நாளைக்கு 32 ஆக்க வழி. இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அந்த மெல்லிசு லேப்டாப்புக்கு வருகிறேன். 7520யு என்பதில் முதல் 7ஐப் பார்த்து ‘லேட்டஸ்ட்’ என்று கடைக்காரர் சொல்லியிருப்பார், அவர் மேல் தப்பில்லை, பெயர் வைத்தவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள். ரைசன் தயாரிக்கிற ஏஎம்டியின் அந்த 7000 வரிசை லேப்டாப் சிப்புகளில் மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கிற வடிவமைப்பைச் சொல்லும். 7520யு என்றால் மூன்றாவது எண் 2, அதாவது ஜென் 2, 2019இல் வந்த வடிவமைப்பு, நாலு கோர் (ப்ராசசருக்குள் வேலை செய்கிற பகுதி). பக்கத்திலேயே இருக்கிற 7530யு ஜென் 3, ஆறு கோர். எண்ணில் பத்துதான் வித்தியாசம், வேலையில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். அது போகட்டும், மெதுவான ப்ராசசரை நான் மன்னித்துவிடுவேன். ஆனால் 7520யு ஏற்கிற ராம் வகை போர்டிலேயே பற்றவைத்துத்தான் வரும். ராமைச் செருகுகிற ஸ்லாட் கிடையாது. 8 ஜிபி என்று வாங்கினால் அது கடைசி வரைக்கும் 8 ஜிபிதான். மெல்லிய லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வருகின்றன, அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை ஜிபி’ இல்லை, ‘ராம் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை காலி’. தெரியாது என்று சொன்னால் மாடல் எண்ணை முழுசாக எழுதிக்கொண்டு வந்து கம்பெனி தளத்தில் பாருங்கள். ஒரே பெயரில் பத்து மாடல் இருக்கும், கடைசி நாலு எழுத்தில்தான் சூட்சுமம்.

கேமிங் மெஷினில் ஸ்லாட் இருக்கும், அந்த வகையில் நல்லதுதான். ஆனால் அந்தக் கிராபிக்ஸ் கார்டு நீங்கள் எழுதுகிற ஜாவாவைத் தொடவே தொடாது. கேம் உருவாக்குவது, வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பது என்று இருந்தால் பேச்சு வேறு. மற்றபடி அதற்குக் கொடுத்த காசு, அது இழுக்கிற கரண்டு, அது கிளப்புகிற சூடு எல்லாம் தண்டம். இரண்டரை கிலோ வரும், செங்கல் மாதிரி ஒரு சார்ஜர் தனி, அதைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் நின்றபடி தஞ்சாவூர் போய்ப் பாருங்கள். ப்ராசசர் பெயரின் கடைசியில் எச் என்று இருந்தால் அதிகக் கரண்டு சாப்பிட்டு வேகமாக ஓடுகிற ரகம், யு என்று இருந்தால் சிக்கனமான ரகம். உங்களுக்கு யு போதும்.

இனி யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். யூடியூபில் லேப்டாப் விமர்சனம் செய்கிறவர்கள் ஏசி ரூமில் உட்கார்ந்து பேசுகிறார்கள். நம் ஊர் கரண்டு, நம் ஊர் சித்திரை, நம் ஊர் தூசி அவர்களுக்குத் தெரியாது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நான் தீபாவளி லீவை நீட்டித்துக்கொண்டு ஊரில் இருந்தேன். எங்கள் தெருவுக்குக் கரண்டு வர 19 நாள் ஆனது. கடைத்தெருவில் ஜெனரேட்டர் வைத்து, காசு வாங்கிக்கொண்டு செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள், என் லேப்டாப் சார்ஜரைப் பார்த்ததும் ‘அது அதிகம் இழுக்கும் தம்பி’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குண்டூசி முனை மாதிரி தனிப் பின் வைத்த பழைய சார்ஜர், அந்தக் கம்பெனியைத் தவிர வேறு எதிலும் நுழையாது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி டைப்-சியில் சார்ஜ் ஆகாத லேப்டாப் வாங்குவதில்லை என்று. இப்போது என்னிடம் 65 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்று, அதுவே போனுக்கும் லேப்டாப்புக்கும். 65 வாட் கொடுக்கிற 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, கணக்குப்படி 74 வாட் அவர் (சேமித்து வைக்கிற மின்சாரத்தின் அளவு), வீணாவது போக ஒரு சின்ன லேப்டாப்பை ஏறக்குறைய ஒரு முறை நிரப்பும். காரில் போட்டுக்கொள்ளவும் சார்ஜர் கிடைக்கிறது. எல்லா டைப்-சி ஓட்டையும் சார்ஜ் ஏற்றாது, ‘பவர் டெலிவரி’ உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

பேட்டரியில் ‘10 மணி நேரம்’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். வாட் அவர் எவ்வளவு என்று பாருங்கள். மலிவான லேப்டாப்புகளில் 42 வரும், கோடு எழுதி, அவ்வப்போது கம்பைல் பண்ணி, சராசரியாக 10 வாட் இழுத்தால் 4 மணி நேரம். 55, 60 கிடைத்தால் அதற்காக இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம். வீட்டில் எப்போதும் சார்ஜரிலேயே செருகி வைத்திருப்பீர்கள் என்றால் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி செட்டிங் இருக்கும், போட்டுவிடுங்கள், பேட்டரி சீக்கிரம் உப்பாது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 150 ஏஎச் பேட்டரி ஒன்று இருந்தால் 12 பெருக்கல் 150, பேப்பரில் 1800 வாட் அவர், நிஜத்தில் ஆயிரம் சொச்சம் கிடைத்தால் சந்தோஷம். ஒரு சீலிங் ஃபேன் 75 வாட், லேப்டாப் 40, லைட் 20, நெட் பாக்ஸ் 10. ஏழு மணி நேரம் ஓட்டலாம். அதே இடத்தில் 150 வாட் இழுக்கிற கேமிங் மெஷினை வைத்தால் அம்மா ஃபேனை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும், சித்திரை வெயிலில் அந்தச் சண்டை வேண்டாம். அப்புறம் ஒன்று, கரண்டு போனதும் லேப்டாப் ஓடும், நெட் பாக்ஸ் அணைந்துவிடும், எல்லோரும் மறப்பது இதைத்தான். இன்வெர்ட்டர் இல்லாத வீடு என்றால் அந்தப் பாக்ஸுக்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறார்கள், சோப்பு டப்பா அளவுதான், லேப்டாப் வாங்குகிற அன்றைக்கே அதையும் வாங்கிவிடுங்கள்.

கோடையில் சுற்றுவட்டாரத்தில் போர் மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடும்போது வோல்டேஜ் இறங்கி ஃபேன் சுற்றுவதை எண்ணலாம். லேப்டாப் சார்ஜர் அதற்கெல்லாம் அசையாது, 100 முதல் 240 வோல்ட் வரை வேலை செய்யும் என்று அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கும். ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஆனால் பழைய வீட்டில் எர்த் சரியாக இல்லை என்றால் மெட்டல் பாடி லேப்டாப்பில் கை வைக்கும்போது சுருசுரு என்று இருக்கும், லேப்டாப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். இடி விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. ஐப்பசியில் ஒரு ராத்திரி சார்ஜரை ஞாபகமாகக் கழற்றிவிட்டுப் படுத்தேன், நெட் கேபிளை மறந்துவிட்டேன், காலையில் லேன் போர்ட் செத்துக் கிடந்தது. தெருக் கம்பத்திலிருந்து செம்புக் கம்பியில் வருகிற இணைப்பு அது. கண்ணாடி இழையில் வருகிற ஃபைபருக்கு அந்தப் பயம் ரொம்பக் குறைவு, இருந்தாலும் பாக்ஸின் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்.

அறுவடை நேரத்துத் தூசியும் சின்ன விஷயமில்லை. தை, மாசியில் மிஷின் வயலில் இறங்கியதும் நெல் சுணை காற்றில் பறக்கும், உங்கள் கழுத்தில் அரிக்கிற அதே சுணைதான் லேப்டாப் ஃபேனுக்குள்ளும் போகிறது. ஒரு வருடத்தில் கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும், அப்புறம் மெஷின் சூடாகி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் ‘வாங்கும்போது நல்லா ஓடுச்சு, இப்ப ஸ்லோ ஆயிடுச்சு’ என்பீர்கள். வருடம் ஒரு முறை, அறுவடை முடிந்ததும், அடி மூடியைக் கழற்றித் தூசியை எடுத்துவிடுங்கள். சில மாடல்களில் அடி மூடி சாதாரண ஸ்க்ரூ, சிலவற்றில் ரப்பர் காலுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பார்கள், வாங்கும் முன் அதையும் கவிழ்த்துப் பாருங்கள். மெத்தை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள், காற்றுப் போகிற ஓட்டை அடியில்தான் இருக்கிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உப்புக் காற்று, ராம் முனையில் பச்சை பூத்துவிடும், எழுதுகிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்தாலே பாதி நேரம் சரியாகிவிடுகிறது.

சரி, என்னதான் வாங்குவது? புதுசு என்றால் ரைசன் 5 7530யு, அல்லது இன்டெல்லில் ஐ5 1235யு அளவிலோ அதற்கு மேலோ ஒரு யு ரக ப்ராசசர், 16 ஜிபி ராம், குறைந்தது ஒரு ஸ்லாட், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, டைப்-சி சார்ஜ். 60 ஆயிரத்துக்குள் தேடிப் பார்க்கலாம், 8 ஜிபியோடு வருவதை வாங்கி ஒரு 8 ஜிபி கட்டையைத் தனியாகப் போடுவது சில சமயம் மலிவாக முடியும். எஸ்எஸ்டி வேகத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், பழைய சாட்டா ரகம் விநாடிக்கு 550 எம்பி, என்விஎம்இ 3500, 7000 என்று போகும், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரிகிற வித்தியாசம் அதற்கு மேல் தெரியாது. ஸ்கிரீன் வெளிச்சம் 300 நிட்ஸ் இருக்கட்டும். 250க்குப் பகலில் திண்ணையில் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும்.

வாரன்டியில் ‘ஆன்சைட்’ என்ற ஒரு வார்த்தையைத் தேடுங்கள். ஆள் வீட்டுக்கே வந்து சரி செய்து கொடுப்பது அது. இல்லாவிட்டால் நீங்கள் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டும், பார்ட் வரவில்லை என்று இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், சம்பளம் வாங்குகிற மெஷின் இரண்டு வாரம் அங்கே கிடக்கும். எனக்கு அப்படி ஒரு முறை 16 நாள் போனது, வெறும் கீபோர்டுக்கு. உங்கள் பின்கோடுக்கு ஆன்சைட் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள், நகரத்துக்கு மட்டும் என்று சிலர் கடைசியில் சொல்வார்கள்.

நானாக இருந்தால் என்ன செய்வேன் என்றால், புதுசே வாங்க மாட்டேன். பெரிய கம்பெனிகள் மூன்று, நாலு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கிற பிசினஸ் லேப்டாப்புகள் இருக்கின்றன, திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வரிசைகள். கீபோர்டு ஒன்றுக்காகவே வாங்கலாம். நான் இன்னும் வைத்திருப்பது திங்க்பேட் டி480, 2018 மாடல், இரண்டு ராம் ஸ்லாட், 32 ஜிபி போட்டிருக்கிறேன், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டுகிற பேட்டரி ஒன்று, கரண்டு இல்லாத நாளில் அந்த இரண்டாவது பேட்டரியின் அருமை தெரியும். உங்களுக்கு அதைவிடப் புதிய மாடலாகப் பாருங்கள். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், விண்டோஸ் 11 அதற்குக் கீழே முறையாக ஏறாது, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. லினக்ஸ் போடுவதாக இருந்தால் இந்தக் கவலை இல்லை, ஜாவாவுக்கு அது இன்னும் சௌகரியம், ஆனால் கம்பெனி நெட்வொர்க்குக்குள் வெளியிலிருந்து நுழைகிற விபிஎன் எது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். வாங்கும்போது கமாண்ட் பிராம்ட்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள், ஆரம்பக் கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு எஸ்எஸ்டி ஆரோக்கியத்தைப் பாருங்கள். பயாஸுக்குள் (விண்டோஸ் திறப்பதற்கு முன் வருகிற அடிப்படை செட்டிங்) போய்ப் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள், கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ரிஸ்க் இதில் உண்டு, முதல் வேலை, முதல் லேப்டாப், அப்பா பணம் என்பதால் புதுசுதான் வேண்டும் என்று நினைத்தால் அதுவும் நியாயம்தான்.

டெஸ்க்டாப்? அதே காசுக்கு இரண்டு மடங்கு மெஷின் கிடைக்கும், அது உண்மை. ஆனால் வாரம் இரண்டு நாள் ஆபீஸுக்கு எதைத் தூக்கிக்கொண்டு போவீர்கள்? அதோடு பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் புது வகை பவர் சப்ளைகள் சண்டித்தனம் பண்ணும், கரண்டு மாறுகிற அந்தக் கண்ணிமைப்பில் ரீஸ்டார்ட் ஆகி, சேமிக்காத வேலை எல்லாம் காவிரியோடு போய்விடும். லேப்டாப்பே வாங்குங்கள், மிச்சம் பிடித்த காசில் பழைய 24 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள், கழுத்து வலி வராது.

ஆப்பிளின் மேக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள் என்பதால் சொல்கிறேன். அருமையான மெஷின், ஏர் மாடலில் ஃபேனே கிடையாது, சுணை போக வழியில்லை. ஐபோன் ஆப் எழுதுவதாக இருந்தால் அது இல்லாமல் முடியாது. ஆனால் ராம், எஸ்எஸ்டி எதையும் பின்னால் ஏற்ற முடியாது, ஏர் மாடலில் 2024 அக்டோபருக்கு முன்னால் வந்ததில் 8 ஜிபிதான் அடிப்படை, மலிவாக வருகிறதே என்று அதில் கை வைக்காதீர்கள். ஒரு டம்ளர் காபி கொட்டினால் பில் வேறு ரகம்.

அப்பாவிடம் சொல்லுங்கள், டச் ஸ்கிரீன் வேண்டாம். விலை கூடும், பளபளவென்று வெளிச்சம் அடிக்கும், கை வலிக்கும். அவருக்குத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால் முதல் மாதச் சம்பளத்தில் நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.